கிரிஃபுஷித் தீவில் இரண்டு காட்சிகள்: முகமது நஷீத் பதவி இழந்தது எப்படி?

கடலுக்கடியில் அமைச்சரவைக் கூட்டம் நடத்தி உலகப் புகழ் பெற்ற மாலத்தீவு அதிபர் முகமது நஷீத் மூன்றே கால் ஆண்டில் பதவி இழந்தாரே, அவராக விலகினாரா, கவிழ்த்தார்களா, எது உண்மை என்று கேட்டிருக்கிறீர்கள். 2012 பிப்ரவரி 7 என்ற ஒரு நாளைப் பற்றிய கேள்வி போலத் தெரிந்தாலும், உங்களை உறுத்துவது வேறொன்று என்று நினைக்கிறேன். வெளிநாடுகளில் அவ்வளவு மதிக்கப்பட்ட மனிதர் சொந்த மண்ணில் ஏன் நிலைக்கவில்லை? அந்த ஒரு நாளை மட்டும் பிய்த்தெடுத்துப் பார்த்தால் இரண்டு கேள்விக்கும் விடை கிடைக்காது. அதனால் கொஞ்சம் பின்னாலிருந்து வருகிறேன்.

நான் தூத்துக்குடிக்காரன். வெங்காயமும் காய்கறியும் கட்டடச் சாமானும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவின் தலைநகர் மாலேவுக்குத் தோணி போகிற ஊர். 2006 முதல் 2014 வரை மாலத்தீவின் வடக்கே ரா அதொளுவில் ஒரு தீவுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். பவளத் தீவுக் கூட்டத்தை உலகம் முழுக்க அட்டோல் என்கிறார்களே, அந்தச் சொல் மாலத்தீவின் திவேஹி மொழியில் உள்ள ‘அதொளு’விலிருந்து போனதுதான். தீவு மக்கள் நஷீத்தை எப்படிப் பார்த்தார்கள் என்பது நான் நேரில் கண்டது. மாலேவில் ராணுவத் தலைமையகத்துக்குள் நடந்ததை நான் பார்க்கவில்லை. விசாரணை அறிக்கையையும் அன்று தொலைக்காட்சியில் ஓடியதையும் வைத்துத்தான் அதைப் பேச முடியும். இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

2008-க்கு முன் அங்கே அதிபர் தேர்தல் என்றால், மஜ்லிஸ், அதாவது நாடாளுமன்றம், ஒரே ஒருவரைத் தேர்ந்து அனுப்பும். மக்கள் அவருக்கு ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று வாக்களிப்பார்கள். மௌமூன் அப்துல் கையூம் 1978-ல் பதவிக்கு வந்து இப்படியே 30 ஆண்டு ஆண்டார். 2003-ல் அவருக்கு விழுந்த ‘ஆம்’ 90 சதவீதத்துக்கு மேல். நஷீத் 1967-ல் மாலேவில் பிறந்தவர். கொழும்பிலும் இங்கிலாந்திலும் படித்துவிட்டு ஊர் திரும்பி, 1990-ல் நண்பர்களோடு சேர்ந்து ‘சங்கு’ என்று ஒரு பத்திரிகை தொடங்கினார். திவேஹியிலும் சங்குக்குச் சங்குதான். தேர்தலில் மோசடி என்று அதில் எழுதினார்கள். பத்திரிகை மூடப்பட்டது, அவர் சிறைக்குப் போனார். 1991-ல் ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் அவரை மனசாட்சிக் கைதி என்று அறிவித்தது. பிறகு மஜ்லிஸ் உறுப்பினரானார். 2001-ல், முன்னாள் அதிபர் இப்ராஹிம் நாசிரின் இடிக்கப்பட்ட வீட்டிலிருந்து சில பழைய பொருட்களை எடுத்தார் என்று திருட்டு வழக்குப் போட்டு, ரா அதொளுவில் இருக்கும் அங்கொளிதீமு என்ற சின்னத் தீவுக்கு அனுப்பினார்கள். பதவியும் போயிற்று. அந்த நாட்டில் அப்போது தண்டனை என்றால் பெரும்பாலும் நாடு கடத்தல் இல்லை, தீவு கடத்தல். யாரும் வராத ஒரு தீவில் கொண்டுபோய் விட்டால் அரசியல்வாதி தானாக மறந்துபோவார் என்பது கணக்கு.

அந்தக் கணக்கைப் பொய்யாக்கியது 2003 செப்டம்பர். மாஃபுஷிச் சிறையில் இவான் நசீம் என்ற 19 வயதுக் கைதியைக் காவலர்கள் அடித்தே கொன்றார்கள். அதைக் கேட்டுக் கொதித்த மற்றக் கைதிகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. இவானின் தாய் மகனின் உடலை மூடிப் புதைக்க விடாமல், ஊரார் வந்து காயங்களைப் பார்க்கட்டும் என்று நின்றார். மாலேவின் தெருக்கள் எரிந்தன. மாலத்தீவில் ஜனநாயகம் எந்த நாளில் பிறந்தது என்று என்னைக் கேட்டால், எந்தத் தேர்தலையும் சொல்ல மாட்டேன், அந்தத் தாய் நின்ற நாளைத்தான் சொல்வேன். அந்த நவம்பரில் நஷீத்தும் தோழர்களும் கொழும்பில் வைத்து மாலத்தீவு ஜனநாயகக் கட்சியை அறிவித்தார்கள். அவர் பிரிட்டனில் அடைக்கலம் பெற்றார். 2005 ஏப்ரலில் நாடு திரும்பினார், மறுபடி கைதானார். 2005 ஜூனில் கட்சிகளுக்கு அனுமதி கிடைத்தது. 2008 ஆகஸ்டில் புதிய அரசியல் சாசனம் வந்தது.

இனி வருகிற எண்களைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். விடையின் பாதி இதில் இருக்கிறது. 2008 அக்டோபர் 8, முதல் சுற்று: கையூமுக்கு ஏறத்தாழ 40 சதவீதம், நஷீத்துக்கு 25. அடுத்து ஹசன் சயீத், காசிம் இப்ராஹிம் இருவரும் ஆளுக்கு 15 முதல் 17 சதவீதம் எடுத்தார்கள். யாருக்கும் பாதி கிடைக்காததால் அக்டோபர் 28-ல் இரண்டாம் சுற்று. கையூமுக்கு எதிரான எல்லோரும் நஷீத் பின்னால் திரண்டார்கள், அவர் ஏறத்தாழ 54 சதவீதத்தோடு ஜெயித்தார். அன்று இரவு எங்கள் தீவின் ஹோட்டாவில், அதாவது டீக்கடையில், நான் உட்கார்ந்திருந்தேன். அதற்கு முந்தைய இரண்டு வருடமும் அரசியல் பேச்சு எடுத்தாலே மீன் வரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடும் ஆட்கள், அன்று மேசை மேல் ஏறி நின்று பாடினார்கள். மஞ்சள் துணி எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. மஞ்சள்தான் அந்தக் கட்சியின் நிறம். ஆனால் அன்றைக்குக் கையூமை வேண்டாம் என்றவர்கள் நூற்றுக்கு 54 பேர். நஷீத்தான் வேண்டும் என்றவர்கள் 25 பேர். நடுவில் இருந்த 29 பேரும் இரவல்.

இரவல் சீக்கிரம் திரும்பிப் போனது. உள்துறை அமைச்சரான காசிம் ஒரு மாதம் கூட இருக்கவில்லை. ஆலோசகரான ஹசன் சயீத் சில மாதங்களில் விலகினார். 2009 மே மாத மஜ்லிஸ் தேர்தலில் 77 இடங்களில் நஷீத் கட்சிக்கு 26, கையூம் கட்சிக்கு 28. அதிபர் ஒரு பக்கம், சட்டமன்றம் மறு பக்கம் என்று வண்டி இழுபட்டது. 2010 ஜூனில் அமைச்சரவை மொத்தமாக ராஜினாமா செய்தது. எதிர்க்கட்சியின் பெரும்புள்ளிகளான காசிமும் அப்துல்லா யாமீனும் கைது செய்யப்பட்டார்கள், நீதிமன்றங்கள் விடுவித்தன. நஷீத்தின் ஆதரவாளர்கள் இந்த அத்தியாயத்தை வேகமாகக் கடந்துவிடுவார்கள். நான் கடக்க மாட்டேன். தான் எதை எதிர்த்துச் சிறை போனாரோ அந்தப் பழக்கத்தில் ஒரு துண்டு அவர் கையிலும் ஒட்டியிருந்தது.

அவர் ஆட்சியில் நல்லது நடக்கவில்லை என்று சொன்னால் அது பெரும் பொய். 65 வயதான எல்லோருக்கும் மாதம் 2,000 ருஃபியா கொடுத்தார். எங்கள் எதிர் வீட்டுப் பாட்டி தேங்காய் நாரை ஊறவைத்துக் கயிறு திரித்துச் சில்லறை பார்த்தவர். முதல் மாதப் பணம் வந்த அன்று அந்த நோட்டுகளைத் தலையணை உறைக்குள் வைத்து, வாயைத் தைத்தார். ஏன் என்று கேட்டேன். இது மகன் கொடுத்த காசு இல்லை, என் காசு என்றார். அடுத்த தீவுகளுக்குக் கட்டணம் வைத்துப் படகுப் போக்குவரத்து வந்தது. அதுவரை தீவின் தலைவரான கதீபை மாலேதான் நியமிக்கும். 2011-ல் முதல் முறையாகத் தீவுகள் தங்கள் சபைகளைத் தாங்களே தேர்ந்தெடுத்தன. மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் விடுதி நடத்தலாம் என்று அனுமதித்தது இன்னும் பெரிய காரியம். அதற்கு முன் சுற்றுலா என்பது தனித் தீவு ரிசார்ட் முதலாளிகள் சிலரின் சொத்து. இதற்கெல்லாம் பணம் வேண்டுமே. புதிய வரிகள் வந்தன. 2011 ஏப்ரலில் ஒரு டாலருக்கு 12.85 ருஃபியா என்று நின்ற கட்டு தளர்த்தப்பட்டு விலை 15.42 வரை ஏறியது. அரிசி, மாவு, வெங்காயம் எல்லாமே கப்பலில் வரும் நாட்டில் அது நேராகச் சமையல்கட்டில் போய் இடித்தது. மாலேவில் இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள்.

இதைவிட ஆழமாக இறங்கியது ‘லாதீனி’ என்ற சொல். மார்க்கம் இல்லாதவர் என்று பொருள். சாசனப்படி இஸ்லாமியருக்கு மட்டுமே குடியுரிமை உள்ள நாடு அது. வெளிநாட்டாரோடு நெருக்கம், இங்கிலாந்துப் படிப்பு, சார்க் மாநாட்டுக்காகத் தென்கோடியில் உள்ள அத்தூவில் வைத்த நினைவுச் சின்னங்கள் என்று ஒவ்வொன்றும் அந்தச் சொல்லுக்குச் சாட்சி ஆக்கப்பட்டது. 2011 டிசம்பர் 23-ல் மார்க்கத்தைக் காக்க என்று மாலேவில் பெரும் கூட்டம் கூடியது. தலையணைக்குள் பணம் தைத்த அதே பாட்டி, அன்னி நல்லவன்தான், ஆனால் தொழுகிறானா என்று யாரும் பார்த்ததில்லையாமே என்று என்னிடம் கேட்டார். அன்னி என்பது நஷீத்தின் செல்லப் பெயர். பருவநிலை பற்றி அவர் உலக மேடைகளில் பேசிய பேச்சு தீவுக்காரர்களுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதற்காக யாரும் வாக்கை மாற்றிப் போட்டதாக எனக்குத் தெரியவில்லை.

இப்போது கிரிஃபுஷிக்கு வருகிறேன். மாலேவிலிருந்து படகில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ராணுவப் பயிற்சி நடக்கும் தீவு. 2009 அக்டோபர் 17-ல் கோபன்ஹேகன் பருவநிலை மாநாட்டுக்கு முன்னால், நஷீத்தும் அமைச்சர்களும் முதுகில் காற்று உருளை கட்டிக்கொண்டு அந்தத் தீவின் ஓரத்தில்தான் இறங்கினார்கள். கடலடி மணலில் மேசை போட்டு உட்கார்ந்து, கரியமில வாயுவைக் குறையுங்கள் என்ற கோரிக்கையில் ஒவ்வொருவராகக் கையெழுத்திட்டார்கள். உலகமெங்கும் வலம்வந்த படம் அதுதான். அதே தீவில் 2012 ஜனவரி 16 முதல் இன்னொரு மனிதர் அடைத்து வைக்கப்பட்டிருந்தார். குற்றவியல் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி அப்துல்லா முகமது. அவரை ராணுவம் பிடித்துக்கொண்டு போனது. நீதிமன்ற உத்தரவு கிடையாது.

நஷீத்தின் கோபத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. புதிய சாசனம் பழைய ஆட்சியின் நீதிபதிகளை இரண்டு ஆண்டுக்குள் தகுதி பார்த்து வடிகட்டச் சொன்னது. நீதித்துறை ஆணையம் 2010-ல் கிட்டத்தட்ட எல்லோரையும் அப்படியே ஆயுளுக்கும் உறுதி செய்துவிட்டது. பள்ளிப் படிப்பையே முடிக்காதவர்களும் அதில் இருந்தார்கள். ஆணைய உறுப்பினரான ஐஷத் வெலெஸினீ தனியாக நின்று எதிர்த்தார். 2011 ஜனவரியில் தெருவில் கத்திக் குத்து வாங்கினார். அப்துல்லா முகமது மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்க அதே ஆணையம் முனைந்தபோது வேறொரு நீதிமன்றம் தடை போட்டது. எந்தக் கதவைத் தட்டினாலும் பூட்டு. இருந்தும் நீதிபதியைத் தீவில் கொண்டுபோய் வைப்பது பூட்டை உடைப்பதாகாது, வீட்டையே இடிப்பது. அங்கொளிதீமுவில் இருந்தவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். அவர் மேல் எனக்குள்ள மரியாதையோடுதான் இதை எழுதுகிறேன்.

22 நாள் இரவுதோறும் ஆர்ப்பாட்டம். பிப்ரவரி 6 இரவு காவல்துறையில் ஒரு பகுதியினர் உத்தரவை மீறினார்கள், நஷீத் கட்சியின் கூடாரத்தை அடித்து நொறுக்கினார்கள், குடியரசுச் சதுக்கத்தில் கூடினார்கள். விடிகாலையில் நஷீத் நேரில் போய்ச் சரணடையச் சொன்னார், யாரும் கேட்கவில்லை. ராணுவத்திலும் சிலர் அவர்களோடு சேர்ந்தார்கள். அரசுத் தொலைக்காட்சி கைமாறியது. நிபந்தனையற்ற ராஜினாமா வேண்டும் என்று முன்னாள் ராணுவ அதிகாரி முகமது நாசிம் மூலம் சொல்லப்பட்டது. மதியம் நஷீத் அதிபர் அலுவலகத்தில் தன் கையாலேயே கடிதம் எழுதினார், கேமரா முன் விலகலை அறிவித்தார். துணை அதிபர் வஹீத் அன்றே பதவியேற்றார். இவ்வளவும் ஐயமில்லாதது. அதே நாளில் தேசிய அருங்காட்சியகத்துக்குள் புகுந்த கும்பல், இஸ்லாத்துக்கு முந்தைய காலத்துப் புத்தர் சிலைகளை உடைத்துத் தூளாக்கியதும் ஐயமில்லாதது. திரும்பக் கிடைக்காத இழப்பு அது.

ஐயம் தொடங்குவது மறுநாள். துப்பாக்கி முனையில் எழுதிய கடிதம் என்று நஷீத் சொன்னார். விசாரணை ஆணையத்துக்குச் சிங்கப்பூரின் ஓய்வுபெற்ற நீதிபதி ஜி.பி. செல்வம் இணைத் தலைவராக வந்தார். 2012 ஆகஸ்ட் 30-ல் வந்த அறிக்கை, ஆட்சி மாற்றம் சட்டப்படியே நடந்தது, கவிழ்ப்பு இல்லை, வற்புறுத்தலும் இல்லை என்றது. காவலர்களின் வன்முறைக்குப் பொறுப்புக் கேட்க வேண்டும் என்றும் சொன்னது. நஷீத் தரப்பு உறுப்பினர் முந்தைய நாளே விலகிவிட்டார். என் கருத்தைக் கேட்டால்: கலகம் செய்யும் காவலரும் தயங்கும் ராணுவமும் வாசலில் நிற்கும்போது எழுதும் கடிதத்தைத் தன்விருப்பம் என்று என்னால் சொல்ல முடியாது. அதே நேரம், பல மாதமாகத் திட்டமிட்ட சதி என்பதற்கும் அசைக்க முடியாத சான்று பொதுவெளிக்கு வரவில்லை. கலகம் திட்டமா, நெருப்புப் பொறியா என்பது இன்னும் விவாதம்தான். கலகம் நடந்ததில் விவாதம் இல்லை. எங்கள் தீவில் அன்று பலர் இந்தியா வரும் என்று காத்திருந்தார்கள். 1988 நவம்பர் 3-ல் ஈழத்தின் பிளாட் இயக்கத்து ஆட்களைக் கூலிப்படையாக வைத்துக் கையூமைக் கவிழ்க்கப் பார்த்தபோது இந்திய ராணுவம் வந்திறங்கிக் காத்ததல்லவா, அந்த நினைவு. டெல்லி மறுநாளே வஹீத்தை வாழ்த்திவிட்டது. இந்தியர் என்பதால் என்னிடம் அதற்கு விளக்கம் கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை.

இனி 2013-ஐப் பாருங்கள், 2008-ஐத் திருப்பிப் போட்டது போல இருக்கும். செப்டம்பர் 7-ல் நஷீத் 45 சதவீதம், யாமீன் 25, காசிம் 24. உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்தலையே ரத்து செய்தது. நவம்பர் 9-ல் மறுபடி: நஷீத் 47, யாமீன் 30 அளவில். நவம்பர் 16 இரண்டாம் சுற்றில் கையூமின் தந்தைக்கு வேறு தாரத்தில் பிறந்த தம்பியான யாமீன் 51.39 சதவீதத்தோடு அதிபர். செப்டம்பரில் 25 எடுத்தவர், மற்றவர்களைச் சேர்த்துக்கொண்டு முதலிடத்தவரைத் தோற்கடிக்கிறார். நஷீத் தன் பங்கை ஏறக்குறைய இரட்டிப்பாக்கியிருந்தார். அது பெரிய சாதனை. ஆனால் அவரை வேண்டாம் என்பவர்களும் அதற்குள் ஒன்றாகியிருந்தார்கள். உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் விடை இதுதான்: அவருக்கு உயிரைக் கொடுக்கும் ஆட்கள் எப்போதும் இருந்தார்கள், பாதியைத் தாண்டி ஒருவரைச் சேர்த்து, சேர்த்தவரைத் தக்கவைக்கும் பொறுமைதான் இல்லை.

பிறகு நடந்தது வேகமான கதை. 2015-ல் நீதிபதியைக் கைது செய்ததற்காகப் பயங்கரவாதச் சட்டத்தில் வழக்கு; மூன்று வாரத்துக்குள் விசாரணை முடிந்து மார்ச் 13-ல் 13 ஆண்டு தண்டனை. சட்டை கிழிய அவரை நீதிமன்றத்துக்கு இழுத்துப்போன படம் உலகெங்கும் வந்தது. அந்தக் கைது தவறுதான். அதைப் பயங்கரவாதம் என்பது அதைவிடப் பெரிய தவறு. ஐ.நா. பணிக்குழுவும் அந்தத் தண்டனையைத் தன்னிச்சையான சிறைவைப்பு என்றது. சிகிச்சைக்கு என்று 2016-ல் பிரிட்டன் போனவர் அங்கேயே அடைக்கலம் பெற்றார். 2018-ல் அவருடைய பால்ய நண்பர் இப்ராஹிம் முகமது சோலி 58 சதவீதத்தோடு அதிபரானார். சோலி மேடையில் அனல் பறக்கப் பேசத் தெரியாதவர், ஆனால் நான்கு கட்சிகளை ஒரு படகில் உட்கார வைத்தவர். உச்ச நீதிமன்றம் நஷீத்தின் தண்டனையை நீக்கியது. 2019-ல் கட்சி 87-ல் 65 இடம் வென்று அவர் சபாநாயகரானார். 2021 மே 6 இரவு வீட்டு வாசலில் காரில் ஏறும்போது குண்டு வெடித்தது. பல மணி நேர அறுவை சிகிச்சை, பிறகு ஜெர்மனியில் மருத்துவம். பிழைத்து வந்தவர் சோலியோடு மோதினார். 2023 ஜனவரியில் கட்சிக்குள் வேட்பாளர் தேர்வில் 39க்கு 61 என்று தோற்றார். தான் பெற்ற கட்சியை விட்டு வெளியேறித் தோழர்களோடு புதுக்கட்சி கண்டார். அதன் வேட்பாளருக்கு அதிபர் தேர்தலில் 7 சதவீதம். 2024 மஜ்லிஸ் தேர்தலில் ஓர் இடமும் இல்லை. இதற்கிடையே அவர் பருவநிலையால் பாதிக்கப்படும் நாடுகளின் கூட்டமைப்புக்குப் பொதுச் செயலாளராகப் போனார்.

பிறகு ஒருமுறை மாஃபுஷிக்குப் போனேன். இவான் நசீம் செத்த சிறையும் 2015-க்குப் பின் நஷீத் இருந்த சிறையும் அங்கேதான், தீவின் ஒரு முனையில். மறு முனையில் விருந்தினர் விடுதிகள் வரிசையாக நிற்கின்றன. நான் தங்கிய விடுதியின் சொந்தக்காரர் முன்பு மீன்பிடித் தோணியில் கூலிக்குப் போனவர். யாருக்கு வாக்களித்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. காலையில் மீனும் தேங்காயும் பிசைந்த மஸ் ஹுனியும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்தவர், 2010-ல் கடன் வாங்கிக் கட்டிய முதல் இரண்டு அறை இவைதான் என்று கதவைத் திறந்து காட்டினார்.